சனியைப் பக்கவாட்டில் பார்ப்பது

கடம்பூரில் இருக்கும் என் சித்தப்பா ஏழு வருடங்களாகப் புதிதாக எதையும் தொடங்கவில்லை. எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அவர் தள்ளி வைத்த காரியங்களை ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வீட்டின் மேற்குச் சுவருக்குப் பூச்சு. கிணற்றுக்குப் புது மோட்டார். பைக்குக்குப் புது சீட். பழையது கிழிந்துபோய், அதன்மேல் உரச்சாக்கைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் ஒன்று. பிடுங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தப்பா அதையும் "அவரு போகட்டும்" என்று சொல்லித் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடப் பழகிக்கொண்டார்.

"அவரு" என்றால் சனி. சித்தப்பாவுக்கு மகர ராசி, ஏழரைச் சனி. அந்த வீட்டில் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமையைக்கூட சித்தப்பா "வெள்ளிக்கு மறுநாள்" என்றுதான் சொல்வார்.

சுவரும் சீட்டும் காத்திருந்தன. அவற்றுக்கு அவசரம் இல்லை. சித்தியின் கடைக்குத்தான் அவசரம் வந்தது.

என் சித்தி கல்யாண வீடுகளுக்கும் பால்காய்ச்சுகிற வீடுகளுக்கும் போளி போட்டுக் கொடுக்கிறவர். மைதாவை எண்ணெயில் ஊறவைத்து, பருப்புப் பூரணத்தை உள்ளே வைத்து, வாழையிலையில் தட்டினால் இலையின் நரம்பு மாவில் தெரியும். அவ்வளவு மெல்லிசாக இருக்கும். ஆனால் போளிக்குப் பேர்போன கடம்பூரில் இன்னொரு போளிக்கடை வைப்பது, ஏற்கெனவே கூட்டமான பஸ்ஸில் ஏறி நிற்பதைப் போன்றது. அதனால் சித்தியின் கண் கயத்தாற்றின்மேல் இருந்தது. நாலுவழிச் சாலையில் போகிற லாரிகளும் வேன்களும் அங்கே நின்று டீ குடிக்கும். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஷட்டர் போட்ட சின்னக் கடை ஒன்று காலியானது. சித்தி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தோசைக்கல் எங்கே, கண்ணாடிப் பெட்டி எங்கே, மாவு பிசைகிற மேசை எங்கே என்று மனத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்தாயிற்று.

கடைக்குச் சொந்தக்காரர் சித்தப்பாவுக்குப் பழக்கமானவர். "அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சாவி உங்களுக்குத்தான். ஆனா தை பிறக்கதுக்குள்ள சொல்லிருங்க. செல்போன் கடை வைக்கணும்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று சொல்லியிருந்தார்.

சித்தப்பாவிடமிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி போன வருடமே இடம் மாறிவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி மாசியில்தான் மாறும். சித்தி திருக்கணிதம், சித்தப்பா வாக்கியம். அதனால் ஒரே வீட்டில், ஒரே கிரகம், அடுப்படியைப் பொறுத்தவரை கிளம்பிப் போயிருந்தது, முன்னறையைப் பொறுத்தவரை இன்னும் உட்கார்ந்திருந்தது. மாசிவரை பொறுத்தால் கடை செல்போன்காரருக்குப் போய்விடும்.

இந்த நிலைமையில்தான் சித்தி எனக்குப் போன் செய்தார். நான் கோவில்பட்டியில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சென்னை நிறுவனத்துக்காக அளவுக் கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதுகிறவள். என் வேலையில் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. ஊருக்குள் இதற்கு "வீட்ல சும்மாதான் இருக்கா" என்று பெயர்.

"ஏட்டி, வானத்தைப் பார்க்கன்னு நீ ஒரு குழாய் வாங்கி வச்சிருக்கியாமே?"

"தொலைநோக்கி, சித்தி."

"ஏதோ ஒண்ணு. அதுல அவரு தெரிவாரா?"

"தெரிவாரு. இப்போ பொழுது சாஞ்சதும் மேக்க நல்லாவே தெரியுதாரு."

"அப்போ தூக்கிட்டு வா. உங்க சித்தப்பா ஏழு வருஷமா ஒரு ஆளுக்குப் பயந்துக்கிட்டே இருக்காவ. ஆள் யாருன்னு ஒரு தடவை பார்த்துரட்டும். பார்த்த பொறவும் பயந்தா நான் வாயத் திறக்கல."

தை பிறக்கச் சில நாட்களே இருந்தன. தொலைநோக்கியைப் போர்வையில் சுற்றி, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்னம்மா இது, மருந்தடிக்கிற மெஷினா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே. சனி கிரகம் பார்க்கிறது."

அவர் அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை. மீதிச் சில்லறையை முன் சீட்டில் இருந்தவரிடம் கொடுத்து அனுப்பினார்.

சித்தப்பாவிடம் சித்தி பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தார். "பிள்ளை குருவைக் காட்ட வாரா" என்று. வியாழனும் அந்தச் சமயத்தில் சாயங்காலமே கிழக்கே ஏறி நின்றதால் அது பொய்யில்லை. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். நாம் குருவைப் பார்த்தால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் நஷ்டம் இருக்காது என்று சித்தப்பா கணக்குப் போட்டு, தெருவில் ஐந்தாறு வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

கரிசல் காட்டில் முக்காலியை ஊன்ற முடியாது. ஈரமாக இருந்தால் மண் காலை விழுங்கிவிடும். காய்ந்தால் வெடிப்பில் கால் இறங்கிவிடும். அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் களத்தில், காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, தொலைநோக்கியை நிறுத்தினேன். இருட்டுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

வெளிச்சம் போகிறவரை பேச நான் ஒரு குறிப்புத் தயாரித்திருந்தேன்: சூரியக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினேன்.

"வெள்ளி கிரகம் இருக்குல்லா, அது சூரியனை ஒரு தடவை சுத்தி வந்துரும், ஆனா தன்னைத்தானே ஒரு தடவை சுத்தி முடிச்சிருக்காது. அங்கன ஒரு வருஷத்தைவிட ஒரு சுத்து பெருசு."

"அப்போ அங்கன நூறு நாள் வேலைக்குப் போனா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. "வேலை முடியதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துரலாமே."

நான் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு நம் கணக்கில் இருநூற்று நாற்பத்துமூன்று நாள். நூறு சுற்றுக்கு அறுபத்தாறு வருடத்துக்கு மேல் வந்தது. அக்கா சொன்னது சரி.

"செவ்வாய்ல மண்ணு முழுக்க சிவப்பு. இரும்புத் துரு."

"செவக்காடா?" சித்தப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நிலக்கடலை போடலாம். மழை எப்படி?"

"மழையே கிடையாது, சித்தப்பா. முன்னொரு காலத்துல தண்ணி ஓடுன தடம் மட்டும் இருக்கு."

"அது நம்ம ஊருதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார்.

வியாழனுக்குள் ஆயிரம் பூமிக்குமேல் போடலாம் என்றேன். குரு பெரிய மனுஷன் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பதால் யாரும் வியக்கவில்லை. கடைசியாக, பேரைச் சொல்லாமல், "அவரு இருக்காருல்லா, பார்க்கத்தான் பெருசு, உள்ள பூராம் வாயுதான். பெரிய தொட்டி ஒண்ணு இருந்து தண்ணியில போட்டா மிதப்பாரு" என்றேன்.

"நம்ம கண்மாயில போட்டா தரை தட்டிரும்" என்றார் சித்தி.

சித்தப்பா சிரிக்கவில்லை. "அவரைப் பத்தி இப்போ என்ன பேச்சு? குருவைக் காட்டு" என்றார்.

குருவைக் காட்டினேன். அதற்கு முன் விதிகளைச் சொன்னேன்: குழாயைத் தொடக் கூடாது. முக்காலியைத் தட்டக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது. பார்த்து முடித்தவர் இடது கைப்பக்கமாக விலக வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை அவர்களே செய்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதல் ஆள். குனிந்து பார்த்தார். உருண்டையும், அதன் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டையும், இரு பக்கமும் வரிசையாக நாலு நிலவும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். "யம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சொன்னபடியே இடது கைப்பக்கமாக விலகினார். விலகியவர் நிற்கவில்லை. குழாயைச் சுற்றி அப்படியே நடந்து, மறுபடி என் முன்னால் வந்து, நின்று, மறுபடி இடது பக்கமாகப் போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சந்நிதியில் நின்று இடது கைப்பக்கமாக விலகினால் அது வலம் வருவதன் தொடக்கம். நானே ஆரம்பித்து வைத்திருக்கிறேன்.

"அக்கா, என்ன பண்ணுதீங்க?"

"நவக்கிரகம்லா. ஒன்பது சுத்து" என்றார், நடந்துகொண்டே.

அடுத்துப் பார்த்தவரும் அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். அதற்கடுத்தவரும். கொஞ்ச நேரத்தில் தொலைநோக்கியைச் சுற்றி ஒரு வட்டம் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் நான். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருவரின் கால் முக்காலியைத் தட்டியது. வியாழன் பார்வையைவிட்டு ஓடியது. நான் பிடித்துக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். மறுபடி ஒரு தட்டு. கிரகங்கள் சூரியனைச் சுற்றும்போது ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை என்பது என் குறிப்பில் ஆறாம் எண். அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

சித்திதான் தீர்வு கண்டார். உள்ளே போய்க் கோலப்பொடியை எடுத்துவந்து, முக்காலியைச் சுற்றிப் பெரிய வட்டமாக ஒரு கோடு இழுத்தார். "சுத்துறவிய கோட்டுக்கு வெளிய. பார்க்கிறவிய மட்டும் உள்ள." அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போதும் எங்கே தொலைநோக்கியை நிறுத்தினாலும் கோலப்பொடி கொண்டுபோகிறேன்.

சித்தப்பா குருவைப் பார்த்தார், இரண்டு முறை. திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். சித்தி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் குழாயைக் கிழக்கிலிருந்து மேற்குக்குத் திருப்பினேன்.

திருப்பிய திசையைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது. டக்கென்று முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சுற்றிக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வீட்டுக்கு ஓடி, எள்ளைக் கறுப்புத் துணியில் முடிந்து நல்லெண்ணெயில் போட்ட விளக்கோடு வந்தார். வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று கெஞ்சி, அதை மக்காச்சோளக் குவியலுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்.

"ஏட்டி, நான் குருவைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் சித்தப்பா, எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்தபடி. "அவரை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. கோயில்லயே நேரா நிக்க மாட்டோம். பக்கவாட்டில நின்னுதான் கும்பிடுதோம். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நிற்பேன். ஆனால் அந்த நேரத்தில் என் தொலைநோக்கியின் அமைப்பு என் ஞாபகத்துக்கு வந்தது.

"சித்தப்பா, இதுல நேருக்கு நேர் பார்க்கவே முடியாது."

"என்னது?"

"குழாய் மேக்க பார்க்குது. ஆனா கண்ணு வைக்கிற இடம் எங்கன இருக்குன்னு பாருங்க. பக்கத்துல இருக்கு. வெளிச்சம் மேல வழியா உள்ள போய், அடியில ஒரு கண்ணாடியில பட்டுத் திரும்பும். திரும்பி வரும்போது சரிச்சு வச்ச சின்னக் கண்ணாடியில பட்டுப் பக்கவாட்டில வெளிய வரும். நீங்க பார்க்கப்போறது அவரை இல்ல. ரெண்டு கண்ணாடியில விழுந்த நிழலை. அதுவும் தலைகீழா."

சித்தப்பா பாதி திரும்பினார். "தலைகீழாவா?"

"ஆமா."

"அது அவருக்குத் தெரியுமா?"

"ஏங்க, நாமளா சொல்லப் போறோம்?" என்றார் சித்தி.

சித்தப்பா பக்கத்தில் வந்து குழாயைச் சுற்றிப் பார்த்தார். சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற வக்கீல் மாதிரி இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. "இங்கன நின்னு பார்த்தா தெக்கு பார்த்து நிக்கணும். தெக்கு பார்த்து நிக்க மாட்டேன்" என்றார்.

நான் குழாயை அதன் பிடிவளையத்தில் அப்படியே உருட்டி, கண் வைக்கும் பகுதியை மறுபக்கத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது வடக்குப் பார்த்து நிற்கலாம். வேறு ஆட்சேபணை எதுவும் அவருக்கு மிச்சமில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோட்டுக்குள் வந்து, குனிந்தார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சித்தி எதையும் பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எலுமிச்சம்பழத்துல ஊசி குத்துன மாதிரி இருக்கு" என்றார் சித்தப்பா.

அதில் என் பிழை கொஞ்சம் உண்டு. அகலமான வளையம் தெரியும் என்று சித்தியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இந்த வருடம் அது நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. இப்போது சொன்னேன். பதினைந்து வருடத்துக்கு ஒருமுறைபோல இப்படி ஆகும். வளையத்தின் அகலம் லட்சக்கணக்கான கிலோமீட்டர், ஆனால் தடிப்பு பல இடங்களில் ஒரு பனைமரத்து உயரம்தான்.

"அம்புட்டு அகலத்துக்கு இம்புட்டுத்தான் தடிப்பா?" என்று ஆச்சரியப்பட்டது சித்தி. அவருக்கு அதில் தொழில் சம்பந்தம் இருந்தது. கூட்டத்துக்கு அவரே விளக்கினார். "போளியைத் தட்டுல வச்சுப் பார்த்தா வட்டம். கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சா கோடு. அம்புட்டுத்தான், என்ன?" நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்த விளக்கத்தை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"ஏட்டி, காணும்!" என்றார் சித்தப்பா.

"எங்கயும் போகல. பூமி சுத்துதுல்லா, அதனால அவரு நகர்ந்துட்டாரு." குழாயை நகர்த்திக் கொடுத்தேன். பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "மறுபடி காணும்." மறுபடி பிடித்துக் கொடுத்தேன். மூன்றாவது முறை காணாமல் போனபோது சித்தி பேசினார்.

"ஏங்க, ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்காரு. இவரா ஏழு வருஷமா நம்ம வீட்டுல உட்கார்ந்திருக்காரு?"

களமே சிரித்தது. கோட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் சுற்று எண்ணிக்கையை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். சித்தப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ படிச்சவ. நீயே சொல்லு. அவரு ஒரு சுத்து சுத்தி வர எத்தனை வருஷம்?"

"இருபத்தொன்பதரை வருஷம், சித்தப்பா."

"பன்னெண்டு ராசி. ஒரு ராசிக்கு?"

"ரெண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய வரும்."

"மூணு ராசிக்கு?"

"ஏழரைகிட்ட வரும்."

"பார்த்தியா!" சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "இங்கிலீஷ் படிப்பும் அதைத்தான் சொல்லுது!"

கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் சித்தி என்னைப் பார்த்த பார்வையில் கயத்தாற்றுக் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. தோசைக்கல்லும் கண்ணாடிப் பெட்டியும் போய், அந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்கத் தொடங்கின. எப்படியாவது சரிசெய்ய வேண்டும். என் குறிப்பில் மிச்சமிருந்தது கடைசி எண் ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"சித்தப்பா, நீங்க பார்த்தது இப்போ இருக்கிற அவரை இல்ல. அங்கன இருந்து கிளம்புன வெளிச்சம் இங்கன வர ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு மேல ஆகுது. நீங்க பார்த்தது நாம காபி குடிச்சுக்கிட்டிருந்த நேரத்து அவரை."

சித்தப்பா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். களத்தின் குறுக்கே நடந்துபோய்த் திரும்பி வந்தார். விதைப்புக்கு முன் வானத்தைப் பார்த்துவிட்டு இப்படித்தான் நடப்பார்.

"அப்போ நான் இங்கன செய்யுதது அவருக்குத் தெரியணும்னா?"

"அதுக்கும் அம்புட்டு நேரம் ஆகும். வெளிச்சத்தைவிட வேகமா எதுவும் போகாது."

"தெரிஞ்சு, கோபப்பட்டு, அவரு திரும்ப ஒரு பார்வை பார்த்தா?"

"அது வர இன்னொரு ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல."

"ஆகமொத்தம்?"

"ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம்போல குறையும்."

"அதுக்குள்ள நான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்னு வை."

அதற்குள் கொடுத்தால் என்ன, பிறகு பார்வை வரத்தானே செய்யும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு முழுத் தேங்காய்ப் போளி வந்து சேர்ந்தது. சித்தி அதைக் கூட்டத்துக்குக் கொடுக்கத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் மெல்லத் தொடங்கினேன். மென்றுகொண்டே தலையை ஆட்டினேன்.

"வாக்குக் கொடுத்துட்டா கொடுத்ததுதான்" என்று சித்தப்பா தனக்குத்தானே வாதாடினார். "பொறவு அவருக்குத் தெரிஞ்சா என்ன செய்ய முடியும்? அவரு நீதிமான். வாக்குத் தவறுனவனைத்தான் பிடிப்பாரு. காப்பாத்துதவனை என்ன செய்வாரு? காப்பாத்துன்னுதான் சொல்லுவாரு."

என் வாய் காலியாவதற்குள், அவர் சொன்னதில் நான் தேடிய ஓட்டையை அவரே அடைத்துவிட்டிருந்தார். தூரம் சரி, நேரம் சரி, மிச்சமிருந்தது நீதி. அது என் பாடமில்லை.

சித்தப்பா போனை எடுத்தார். களத்தில் மேற்கு மூலையில் மட்டும்தான் டவர் கிடைக்கும். சனியும் அந்த மூலைக்கு நேர் மேலேதான் இருந்தது. கண்ணாடி இரண்டும் இல்லாமல் அந்தப் பக்கம் முகத்தைக் காட்ட அவர் தயாராக இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, கிழக்குப் பார்த்தபடியே, பின்னால் ஒவ்வொரு அடியாக வைத்து மூலைக்குப் போனார். பக்கத்து வீட்டு அக்கா, "மக்காச்சோளம், மக்காச்சோளம், இடது பக்கம் வாங்க அண்ணாச்சி" என்று வழி சொன்னார்.

முதல்முறை மணி அடித்து நின்றது. இரண்டாம் முறை லைன் பிஸி. சித்தி என்னிடம், "அந்தச் செல்போன்காரந்தான் பேசிக்கிட்டு இருப்பானோ?" என்று மெதுவாகக் கேட்டார். தட்டில் இருந்த போளிகளை எண்ணினார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அதுவரை இடுப்பில் கை வைத்து நின்ற சித்தியைத்தான் பார்த்திருந்தேன். மூன்றாம் முறை எடுத்தார்கள். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, சாப்பிட உட்கார்ந்துட்டேன். காலையில பேசுவோமே?"

"காலையில ஆகாது. இப்பவே பேசணும். நேரம் கம்மியா இருக்கு."

"யாருக்கு? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காவளா?"

"நல்லா இருக்காவ. ஓய், அந்தக் கடையை நாங்க எடுத்துக்கிடுதோம். வாக்கு."

"சரி அண்ணாச்சி. அதை இவ்வளவு பதறிச் சொல்லணுமா?"

"அது உமக்குச் சொன்னா விளங்காது. வெளிச்சக் கணக்கு." போனை வைத்துவிட்டார்.

சித்தி தட்டில் மிச்சமிருந்த போளியை எடுத்துக்கொண்டுபோய், முதல் போளியைச் சித்தப்பாவின் கையில் வைத்தார். அவர் மேற்கு மூலையில் இன்னும் கிழக்குப் பார்த்தபடியே நின்று, ஒரு பக்கமாக மென்று சாப்பிட்டார். நல்ல பக்கம்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் கடை திறக்க நாள் குறித்த அன்று, பகலிலும் சனி வானத்தில்தான் இருக்கும், வெயிலில் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று நான் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சித்தப்பா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"பகல்லயுமா?"

"ஆமா, சித்தப்பா. காலையில ஒம்பதரை மணிபோல கிழக்க ஏறுதாரு. ராத்திரி மேக்க இறங்குதாரு."

"அப்போ அவரு எழுந்திரிக்கதுக்குள்ள கடையைத் திறந்துரணும்."

"தினமும் நாலு நிமிஷம் முன்னால எழுந்திரிப்பாரு. ஒரு மாசம் போனா ரெண்டு மணி நேரம் முன்னால வந்துரும்."

"நாம அதுக்கும் முந்திருவோம்" என்றார் சித்தப்பா.

அப்படித்தான் கயத்தாற்றில் அந்தப் போளிக்கடை விடிவதற்கு முன்னாலேயே திறக்கிறது. ராத்திரி முழுக்க ஓட்டிவந்த லாரி டிரைவர்கள் அந்த நேரத்தில்தான் டீக்கு நிற்பார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கல்லிலிருந்து எடுக்க எடுக்கப் போளி போய்விடுகிறது. மாசியில் வாக்கியப் பஞ்சாங்கப்படியும் சனி இடம் மாறிவிட்டது. சித்தப்பா ஆனாலும் விடவில்லை. இன்றைக்கும் விடியற்காலையில் எனக்குப் போன் வருகிறது.

"ஏட்டி, இன்னைக்கு அவரு எத்தனை மணிக்கு?"

நான் தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் சித்தியின் குரல் கேட்கும்.

"அவரு எப்ப வேணா வரட்டும். இங்கன ஆளுவ நிக்காவ. போனை வச்சிட்டு இலையைத் துடைங்க."